டெல்டா கடலோரத்தில் மோட்டார் படகு: உங்கள் படகுக்கு எந்த வேகம் ஏற்றது?

படகு வாங்கியதும் எல்லாரும் ஒருமுறை முழு வேகத்தில் விட்டுப் பார்த்துவிடுகிறார்கள். அதில் தப்பில்லை. எஞ்சின் முழு ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) தொடுகிறதா என்று தெரிய அது வேண்டியதுதான். சிக்கல் மறுநாள் ஆரம்பிக்கிறது. பெட்ரோல் போட்ட கணக்கைப் பார்த்து மிரண்டுபோய், எஞ்சின் வேகக் கைப்பிடியைப் பாதிக்குக் குறைத்து, சிக்கனமாக ஓட்டுகிறோம் என்ற நினைப்பில் நாள் முழுக்க ஓட்டுவார்கள். எழும்பி ஓடும் படகுகளில் அந்த நடுவேகம்தான் கிலோமீட்டருக்கு அதிகம் எண்ணெய் குடிக்கும். எண்ணெய் மட்டுமா, அலை கிளப்புவதிலும் தரை தட்டுவதிலும் அதுதான் முதலிடம். ஏன் என்று கீழே வருகிறது.

நாகப்பட்டினம், காரைக்கால், பழையாறு, முத்துப்பேட்டை பக்கம் 16 அடியிலிருந்து 25 அடி வரையிலான ஃபைபர் படகில் அவுட்போர்டு எஞ்சின் (பின்பலகையில் வெளியே தொங்கும் எஞ்சின்) மாட்டி ஓட்டத் தொடங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். தூண்டில் போடப் போகிறவர், சுற்றுலாப் படகு ஓட்டப் பழகுகிறவர், ஆற்று வாயில் போக்குவரத்துக்குப் படகு வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். விசைப்படகு என்று நாம் சொல்லும் பெரிய இழுவைப் படகுகளின் சங்கதி வேறு. அதற்குள் நான் போகவில்லை.

முதலில், படகு எந்த ரகம்

மீனவர்கள் கரையிலிருந்து தள்ளி இறக்கும் நீளமான ஃபைபர் படகில் பெரும்பாலும் சின்ன டீசல் எஞ்சின்தான் இருக்கும். நீண்ட தண்டின் முனையில் புரொப்பெல்லர் சுழலும். இந்தப் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும், தண்ணீருக்கு மேலே எழும்பாது. இதற்கு இயற்கையாகவே ஒரு வேக வரம்பு உண்டு. தண்ணீரில் படியும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த வரம்பு 'நாட்' (knot) கணக்கில் கிடைக்கும். 25 அடி படிந்தால் வர்க்கமூலம் 5, பெருக்கினால் 6.7 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், ஆக மணிக்கு 12 கிலோமீட்டர் சொச்சம். ஒல்லியான, எடை குறைந்த படகு இதைக் கொஞ்சம் தாண்டும். ஆனால் வரம்பை ஒட்டிப் போகப் போக ஒவ்வொரு கிலோமீட்டர் வேகமும் மகா விலை. இந்த ரகத்தில் செய்ய வேண்டியது ரொம்ப எளிது: முழு வேகத்திலிருந்து பத்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். அதே தூரத்துக்கான எண்ணெய் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். இதற்கு மேல் மெனக்கெடத் தேவையில்லை.

மற்ற ரகம், பின்பக்கம் சப்பையான அடிப்பாகமும் குதிரைசக்தி கூடிய அவுட்போர்டும் உள்ள படகு. இது வேகம் எடுத்ததும் தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடும். வேலை இதில்தான் இருக்கிறது.

எழும்பும் படகுக்கு மூன்று நிலை உண்டு. மெதுவாகப் போகும்போது தண்ணீரில் அமர்ந்து போகும். கைப்பிடியைத் திருகத் திருக அணியம் (படகின் முன்முனை) மேலே தூக்கி, பின்பக்கம் குழிக்குள் இறங்கும். முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. இன்னும் திருகினால் மேட்டைத் தாண்டிய மாட்டுவண்டி மாதிரி சட்டென்று இலகுவாகி, அணியம் இறங்கி, படகு சமமாக ஓடத் தொடங்கும். நடுவில் இருக்கிறதே, அணியம் வானத்தைப் பார்க்கும் அந்த நிலை, அதில்தான் நான் மேலே சொன்ன ஆட்கள் நாள் முழுக்க ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். படகு தானே கிளப்பிய அலையின் மேல் ஏறிக்கொண்டே இருக்கிறது, ஆனால் உச்சியைத் தாண்டுவதே இல்லை. எண்ணெய் எங்கே போகிறது என்று பின்னால் திரும்பிப் பாருங்கள்: ஆள் இடுப்பு உயரத்துக்கு அலை.

எழும்பிவிட்டதா என்பதைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். பக்கவாட்டில் தண்ணீர் சிதறும் இடத்தைக் கவனியுங்கள். மெதுவாகப் போகையில் அது அணியத்தை ஒட்டி இருக்கும். எழும்பும்போது மெல்லப் பின்னுக்கு நகர்ந்து, ஓட்டுபவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். பின்பலகையைப் பாருங்கள். மெதுவேகத்தில் தண்ணீர் பலகையை நக்கிக்கொண்டு சுழலும், எழும்பியதும் பலகையின் கீழ் விளிம்பிலிருந்து கத்தியால் வெட்டியதுபோல் சுத்தமாகப் பிரிந்து போகும், பலகை காய்ந்திருக்கும். எஞ்சின் சத்தமும் முக்கலிலிருந்து தெளிவாக மாறும்.

சோதனைக்கு முன் புரொப்பெல்லர்

புது எஞ்சின் என்றால் ரன்னிங்-இன் (ஆரம்பப் பழக்க ஓட்டம்) முடியட்டும். பொதுவாக முதல் 10 மணி நேரம், உங்கள் எஞ்சினுக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். அப்புறம் வழக்கமாக ஏற்றும் ஆட்கள், ஐஸ் பெட்டி, சாமான் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, அமைதியான கடலில் சில நொடி முழு வேகம் கொடுத்து ஆர்பிஎம் பாருங்கள். கையேட்டில் முழு வேகத்துக்கான ஆர்பிஎம் வரம்பு ஒன்று போட்டிருப்பார்கள். ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளில் அது பெரும்பாலும் 5000க்கும் 6000க்கும் இடையில் இருக்கும்.

உங்கள் படகு அந்த வரம்புக்குக் கீழேயே நின்றுவிட்டால் புரொப்பெல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) அதிகம். எஞ்சின் மூச்சு முட்டி ஓடுகிறது, நாளடைவில் கெட்டுப்போகும். வரம்பைத் தாண்டி அலறினால் பிட்ச் குறைவு. ஒரு அங்குலம் பிட்ச் மாற்றினால் 150 முதல் 200 ஆர்பிஎம் வரை மாறும் என்று வைத்துக்கொள்ளலாம். இதைச் சரிசெய்யாமல் வேகக் கணக்குப் போடுவது வீண்.

ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டர் இல்லாத பழைய எஞ்சின் வைத்திருப்பவர்கள், ஸ்பார்க் பிளக் ஒயரில் சுற்றிவைக்கும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். விலை அதிகமில்லை. காதை மட்டும் நம்பி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் அந்தக் காதுக்கு இருபது வருட அனுபவம் இருக்கிறது.

அளக்கும் நாள்

தை முதல் பங்குனி வரை, விடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், கடல்காற்று எழும்புவதற்கு முன். நாகைக்கும் வேளாங்கண்ணிக்கும் இடையில் கரை நேராக இருக்கிறது, ஓட இடமும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடப்பதால் முகத்துவாரத்தில் நெரிசல் குறைவு. ஆனால் நாட்டுப்படகுகள் தொழிலுக்குப் போகும், வலை கிடக்கும். மிதவைக்கட்டை, கொடி எது தெரிந்தாலும் சுற்றிப் போங்கள். அடுத்தவர் வலையை அறுத்துவிட்டு வேகம் அளந்தேன் என்று சொன்னால் கரையில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

வேகத்தை மொபைல் ஜிபிஎஸ்ஸிலேயே பார்க்கலாம், நீர் புகாத உறையில் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் காட்டுவது தரையை வைத்துச் சொல்லும் வேகம். அதில் நீரோட்டமும் கலந்திருக்கும். நம் கரையில் தென்மேற்குப் பருவத்தில் நீரோட்டம் பொதுவாக வடக்கே இழுக்கும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. அதனால் ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும் வடக்கே ஒரு ஓட்டம், தெற்கே ஒரு ஓட்டம், இரண்டையும் கூட்டிப் பாதி. ஒருவழி ஓட்டத்தை மட்டும் நம்பி 'என் படகு இவ்வளவு போகும்' என்பவர் நீரோட்டத்தின் பெருமையையும் சேர்த்துத்தான் பேசுகிறார்.

1500இல் தொடங்கி, அடுத்து 2500, அதற்கு மேல் 500 ஆர்பிஎம்மாக ஏற்றுங்கள். ஒவ்வொன்றிலும் கைப்பிடியை அசைக்காமல் ஒரு நிமிடமாவது பிடித்து, வேகம் நிலைத்த பிறகு குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் எழுதக் கூடாது, எழுத ஒரு ஆள் வேண்டும். எஞ்சின் நிறுத்தும் கயிறு ஓட்டுபவர் மணிக்கட்டில் இருக்கட்டும், லைஃப் ஜாக்கெட் எல்லார் மேலும் இருக்கட்டும். இதற்கு விளக்கம் தேவையில்லை.

எண்ணெய் அளப்பதில்தான் பலரும் கைவிட்டுவிடுகிறார்கள். எண்ணெய் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு சின்ன டாங்கும் மீன் எடை போடும் டிஜிட்டல் தராசும் போதும். கரையிலேயே டாங்கை எடை போட்டு எழுதிவையுங்கள். அதை எஞ்சினில் மாட்டி, ஒரே ஆர்பிஎம்மில் சரியாக 10 நிமிடம் ஓடி, கழற்றி வையுங்கள். கரைக்கு வந்து மறுபடி எடை. ஆடும் படகில் எடை போட்டால் தராசு பொய் சொல்லும், அதனால்தான் கரை. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 740 கிராம். 1.1 கிலோ குறைந்திருந்தால் ஒன்றரை லிட்டர், அதாவது மணிக்கு 9 லிட்டர். எல்லா ஆர்பிஎம்முக்கும் இதைச் செய்ய ஒரு நாள் போதாது, இரண்டு மூன்று காலை ஆகும். ஆகட்டும்.

கணக்கு எப்படி வரும் என்று காட்ட ஒரு மாதிரி தருகிறேன். 19 அடி படகு, 40 குதிரைசக்தி ஃபோர் ஸ்ட்ரோக், நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எண்கள் வேறாகத்தான் இருக்கும், போக்கு மட்டும் இதே மாதிரி இருக்கும்.

1500 ஆர்பிஎம்: மணிக்கு 8 கி.மீ., 2 லிட்டர். லிட்டருக்கு 4 கி.மீ.
2500: 11 கி.மீ., 4.5 லிட்டர். லிட்டருக்கு 2.4.
3000: 15 கி.மீ., 6.5 லிட்டர். லிட்டருக்கு 2.3.
3500: 25 கி.மீ., 7.5 லிட்டர். லிட்டருக்கு 3.3.
4000: 31 கி.மீ., 9 லிட்டர். லிட்டருக்கு 3.4.
4500: 36 கி.மீ., 11 லிட்டர். லிட்டருக்கு 3.3.
5500: 44 கி.மீ., 15.5 லிட்டர். லிட்டருக்கு 2.8.

3000ஐயும் 5500ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மணிக்கு 15 கிலோமீட்டரில் ஊர்ந்து போகிறவர், 44 கிலோமீட்டரில் பறக்கிறவரைவிடக் கிலோமீட்டருக்கு அதிகம் செலவழிக்கிறார். முழு வேகத்தில் ஓட்டச் சொல்லவில்லை, அதில் எஞ்சினும் முதுகும் கெடும். இந்தப் படகுக்கு 4000 நல்ல வேகம், 3500க்கும் 4500க்கும் இடையில் எங்கே வைத்தாலும் நஷ்டமில்லை. அதற்குக் கீழே வர வேண்டுமென்றால் நேராக 1500க்கு இறங்குங்கள். நடுவில் நிற்காதீர்கள்.

இன்னொரு எண்ணும் வேண்டும். எழும்பி ஓடும் படகை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் பின்பக்கம் தொப்பென்று உட்காரும். அந்த வேகத்தைக் குறித்துவைத்து, அதற்கு மேல் 5, 6 கிலோமீட்டராவது கூட்டி ஓட்டுங்கள். ஒட்டி ஓட்டினால் ஒவ்வொரு அலைக்கும் படகு உட்கார்ந்து எழும்.

டிரிம்மும் எடையும்

எஞ்சினின் சாய்வை மாற்றும் டிரிம் வசதி இருந்தால், கிளம்பும்போது எஞ்சினை உள்ளே இழுத்து வையுங்கள், அணியம் சீக்கிரம் இறங்கும். எழும்பியதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுங்கள். கைப்பிடியைத் தொடாமலே வேகம் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடும். அணியம் குதிரை மாதிரி மேலும் கீழும் ஆட ஆரம்பித்தால் வெளியே விட்டது அதிகம், சற்று உள்ளே இழுங்கள். புரொப்பெல்லர் காற்றைப் பிடித்து ஆர்பிஎம் திடீரென்று எகிறினாலும் அதே மருந்து. டிரிம் இல்லாத சின்ன எஞ்சினில் ஆட்களை நகர்த்துவதுதான் டிரிம். "அண்ணே, ரெண்டு பேர் முன்னால வந்து உக்காருங்க" என்று படகோட்டி சொன்னால் அது மரியாதைக் குறைவு இல்லை.

ஆள் கூடினால் எழும்பும் வேகமும் கூடும். நாலு பேருக்கு எடுத்த அளவு எட்டுப் பேருக்கு உதவாது. எட்டுப் பேரோடு படகு எழும்பவே இல்லையென்றால் முக்கவிடாதீர்கள், மெதுவேகத்திலேயே போய்ச் சேருங்கள்.

தண்ணீர் என்ன சொல்கிறது

இதுவரை சொன்னது அமைதியான கடலுக்கு. டெல்டாவில் ஒரே பயணத்தில் ஆறு, முகத்துவாரம், திறந்த கடல், சேற்றுக் கழி எல்லாம் வந்துவிடும், ஒரே வேகம் எல்லாவற்றுக்கும் ஆகாது.

கோடியக்கரை ஒரு மூலை. அதற்கு வடக்கே நாகை, பூம்புகார் வரை கரை கிழக்கே பார்க்கிறது. மேற்கே முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் கரை தெற்கே பார்க்கிறது. அதனால் ஒரே காற்று இரண்டு பக்கமும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று நாகைக் கரையில் மோதும்போது மூலைக்கு மேற்கே கரையை ஒட்டி மறைவு கிடைக்கும். ஆனி, ஆடியில் தெற்கத்திக் காற்று எழும்பினால் அங்கேதான் தண்ணீர் கொதிக்கும். பாக் நீரிணை ஆழமில்லாத கடல், அலை உயரம் பெரிதாக இராது, ஆனால் குட்டையாக, நெருக்கமாக, செங்குத்தாக வரும். வங்கக்கடலின் நீண்ட அலையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் சுகமாகப் போகும் படகு, இங்கே 20ஐத் தாண்டினால் அடி அடியென்று அடிக்கும்.

எதிர் அலையில் டிரிம்மை உள்ளே இழுத்து அணியத்தை இறக்குங்கள். வேகத்தைக் குறைக்கும்போது எழும்பும் வேகத்துக்குக் கீழே போக வேண்டியிருந்தால், யோசிக்காமல் மெதுவேகத்துக்கே போய்விடுங்கள். எண்ணெய்க் கணக்கு இங்கே இரண்டாம்பட்சம். அளவு கேட்டால் சொல்வேன்: பின்னால் இருப்பவர் உட்கார்ந்தபடியே டீ குடிக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் வேகம் அதிகம். பக்க அலையில் நேர்க்கோட்டைப் பிடிவாதமாகப் பிடிக்காமல், கொஞ்சம் வளைத்து அலையைச் சாய்வாக வாங்கிக்கொள்ளுங்கள்.

முகத்துவாரம் தனிப் பாடம். கொள்ளிடம், பழையாறு, நாகையில் கடுவையாறு, எங்கே என்றாலும் மணல் திட்டு மழைக்காலத்துக்கு மழைக்காலம் இடம் மாறும். போன வருடம் போன பாதை இந்த வருடம் இருக்காது. நம் பக்கம் ஏற்ற வற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனால் திட்டின் மேல் அந்த அரை மீட்டர்தான் தலையெழுத்து. வற்றத்தில், ஆற்று நீர் வெளியே பாயும்போது கடல்காற்றும் எதிர்த்தால் வாயிலில் அலை உடையும். மேட்டூரில் தண்ணீர் திறந்து கொள்ளிடத்தில் உபரிநீர் வருகிற நாட்களில் இது இன்னும் மோசம். உள்ளே வரும்போது செய்ய வேண்டியது: வெளியே நின்று நாலைந்து அலை எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒரு பெரிய அலை தாண்டியதும் அதன் முதுகில் ஏறி, அது போகும் வேகத்திலேயே பின்தொடருங்கள். முந்தினால் அணியம் முன்குழியில் குத்தும், பிந்தினால் பின் அலை பின்பலகைக்கு மேல் ஏறும். இங்கே சரியான வேகம் மீட்டரில் இல்லை, அந்த அலையிடம்தான் இருக்கிறது. முதல் சில முறை உள்ளூர்ப் படகோட்டி ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளாமல் இதைச் செய்யாதீர்கள்.

அப்புறம் அலையாத்திக் காடு. ஜாம்புவானோடையிலிருந்து கோரையாறு வழியாக முத்துப்பேட்டை லகூனுக்கு (கடலோர ஏரி) போக வனத்துறை அனுமதி வேண்டும். லகூன் பெரும்பாலும் ஒரு மீட்டர் ஆழம், பல இடத்தில் அதுகூட இல்லை. இங்கேதான் நடுவேகத்தின் மூன்றாவது கேடு தெரியும். அணியம் தூக்கியதும் பின்பக்கம் இறங்குகிறது, அதோடு புரொப்பெல்லரும் இறங்கிச் சேற்றைக் கலக்குகிறது. எஞ்சின் அந்தச் சேற்றையே குளிர்விக்கக் குடிக்கிறது. பின்னால் சின்னத் துளையில் பீய்ச்சும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மெலிந்தாலோ நின்றாலோ உடனே எஞ்சினை அணைத்து, துளையைச் சின்னக் கம்பியால் குத்திவிட்டுப் பாருங்கள். வாய்க்காலில் மணிக்கு 6, 7 கிலோமீட்டர் போதும். அலை கரையை அரிக்காது, வேர்களுக்கு நடுவே தூண்டில் போடுபவர் ஓடமும் கவிழாது. பிச்சாவரம் பக்கத்து வாய்க்கால்களிலும் இதே மாதிரிதான்.

கையோடு ஒரு அடையாளம்

அளவுகள் கிடைத்ததும் கைப்பிடியில் இரண்டு நிற டேப் ஒட்டுங்கள்: ஒன்று மெதுவேகத்துக்கு, ஒன்று பயண வேகத்துக்கு. இரண்டுக்கும் நடுவில் கை நிற்கக் கூடாது. அடிப்பாகத்தில் பாசியும் கொட்டலசும் (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கடல் சிற்றுயிர்) படிந்தால் அதே டேப்பில் வேகம் குறைந்துகொண்டே வரும். 4000இல் வழக்கமான 31 வராமல் 27, 28 வந்தால் எஞ்சினைத் திட்டுவதற்கு முன் படகைக் கவிழ்த்துச் சுரண்டிப் பாருங்கள். புரொப்பெல்லர் இலை நெளிந்திருந்தாலும் இதே குறிதான் தெரியும்.

இனி நீண்ட பயணக் கணக்கு. நாகையிலிருந்து கோடியக்கரை கடல்வழி ஏறக்குறைய 53 கிலோமீட்டர், போய்வர 106. நம் மாதிரிப் படகு 4000இல் லிட்டருக்கு 3.4 கொடுத்தால் 31 லிட்டர் சொச்சம் செலவாகும். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்ற வழக்கப்படி 47 லிட்டர் வேண்டும். 24 லிட்டர் டாங்க் இரண்டு ஏற்றினால் சரியாக இருக்கும். அதே பயணத்தை 3000 ஆர்பிஎம்மில் 'சிக்கனமாக' ஓட்டினால் 46 லிட்டர் போய்விடும், வீட்டுக்கு வரும்போது டாங்கில் இரண்டு லிட்டர்தான் இருக்கும். கோடியக்கரையிலிருந்து தெற்கே 30 கிலோமீட்டருக்குள்ளேயே இலங்கையுடனான கடல் எல்லைக்கோடு இருக்கிறது. பயண வேகத்தில் அது ஒரு மணி நேரம்கூட இல்லை. எண்ணெய் தீர்ந்து மிதந்தால் காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் தள்ளும் என்று சொல்ல முடியாது. அதனால் ஜிபிஎஸ்ஸில் கோட்டுக்கு வெகு முன்னாலேயே ஒரு எச்சரிக்கைப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். முதல் டாங்கில் மூன்றில் இரண்டு பங்கு காலியானதும், எங்கே இருந்தாலும் அணியத்தை வீட்டுப் பக்கம் திருப்புங்கள்.